தெருமுனையில் அணைத்த வண்டி

கார்த்திகை பிறந்தும் என் மோட்டார் சைக்கிளைப் பற்றி ஒரு முடிவுக்கு வர முடியவில்லை. தீபாவளி முடிந்து பட்டாசு ஆலைக்கு விடுமுறை விட்டிருந்தார்கள். மறுபடி பூஜை போட்டு வேலை தொடங்க இன்னும் பன்னிரண்டு நாள் இருந்தது. அதற்குள் வண்டியைப் பழுது பார்ப்பதா, கொடுத்துவிட்டுப் புதிது எடுப்பதா என்று தீர்மானித்தாக வேண்டும்.

ஆலையில் நான் போர்மேன். காலை ஆறரைக்கு நான் போய் நின்றால்தான் மருந்து கலக்கும் அறையைத் திறப்பார்கள். வெயில் ஏறுவதற்குள் கலவை வேலை முடிந்துவிட வேண்டும், அது அங்கே சட்டம். போன சீசனில் மட்டும் மூன்று நாள் ஆனைக்குட்டம் விலக்கு ரோட்டில் வண்டியை உதைத்துக்கொண்டு நின்றேன். மூன்றாவது நாள் முதலாளி, "பெத்தணன், வண்டியச் சரி பண்ணு. இல்லேன்னா சைக்கிள்ல வா" என்றார். இருபது வருஷம் வேலை பார்த்தவனிடம் பேசுகிற பேச்சா அது? ஆனால் அவர் சொன்னதில் தப்பு ஒன்றும் இல்லை. அதனால்தான் கோபம் இன்னும் அதிகமாக வந்தது.

வண்டி தொண்ணூற்றொன்றில் எடுத்தது. டூ ஸ்ட்ரோக். பதினைந்து வருஷத்தில் அது போகாத ஊர் இந்த வட்டாரத்தில் கிடையாது. புகையைப் பற்றிச் சொல்லவே வேண்டாம், பின்னால் வருகிறவன் என் பரம்பரையையே திட்டிக்கொண்டு வருவான். சத்தம் அதற்கு மேல். பெரிய சட்டியில் சோளம் பொரிக்கிற மாதிரி படபடவென்று ஒரு சத்தம். ஆமத்தூர் மெயின் ரோட்டில் நான் திரும்பினால் எங்கள் தெருக் கோடி வரைக்கும் கேட்கும்.

என் மனைவி முத்துப்பேச்சி புது வண்டி கட்சி. காரணம் என் முழங்கால். காலையில் பதினைந்து இருபது உதை உதைத்தால்தான் வண்டி கிளம்பும். சாயங்காலம் முழங்கால் வீங்கிக் கிடக்கும். தைலம் தேய்ப்பது அவள்தான்.

"நீங்க வண்டிய உதைக்கீகளா, வண்டி உங்கள உதைக்குதா?" என்பாள். "பட்டன அமுக்குனாக் கெளம்புற வண்டியெல்லாம் வந்திருச்சு. இந்தச் சனியனக் கட்டிக்கிட்டு அழணும்னு நமக்கு என்ன தலையெழுத்து?"

மெக்கானிக் கண்ணுச்சாமி பழுது பார்க்கும் கட்சி. அவனுக்கு அதில் வேலை இருக்கிறது, வேறென்ன சொல்வான் என்றுதான் முதலில் நினைத்தேன். ஆனால் அவன் இன்ஜினைப் பிரித்து மேஜை மேல் பரப்பி வைத்து ஒவ்வொன்றாகக் காட்டினான்.

"சிலிண்டர் போர் தேஞ்சிருச்சுண்ணே. போர் போட்டு, பிஸ்டன் புதுசு போட்டு, கிராங்க் பேரிங்கையும் மாத்திட்டா இன்னும் அஞ்சாறு வருசத்துக்கு இவன அசைச்சுக்கிட முடியாது. ஒரே உதையில கெளம்பும். எழுதித் தாரேன்."

"எழுதித் தந்து நான் எந்தக் கோர்ட்டுல போயிக் குடுக்க?" என்றேன்.

"அப்ப எக்ஸ்சேஞ்சுல போடப் போறீகளா? போடுங்க. பழைய இரும்பு வெலதான் குடுப்பான்."

பிரித்ததை அப்படியே மாட்டித் தரச் சொல்லி எடுத்து வந்துவிட்டேன். முதலாளியும் முழங்காலும் எல்லாருக்கும் தெரிந்த காரணங்கள். நான் யாரிடமும் சொல்லாத காரணம் ஒன்று இருந்தது. அது வள்ளித்தாய்.

வள்ளித்தாய் எங்கள் தெருவில் மூன்று வீடு தள்ளி இருப்பவள். என்னை அண்ணன் என்று கூப்பிடுகிறவள். அவள் புருஷன் முத்துக்கருப்பன் எங்கள் ஆலையில்தான் மருந்து அடைக்கும் அறையில் வேலை பார்த்தான். நாலு வருஷத்துக்கு முன்பு, ஆவணியில் ஒரு வியாழக்கிழமை, காலை பதினொன்றரை மணிக்கு அந்த அறையில் தீப்பிடித்தது.

தீ என்றால் எங்கள் ஆலையில் ஒரு முறை உண்டு. எல்லாரும் வேலியைத் தாண்டி ஓடிக் கருவேலங்காட்டுப் பக்கம் வெட்டவெளியில் நிற்க வேண்டும். போர்மேன் பதிவேட்டை எடுத்துக்கொண்டு வந்து பெயர் கூப்பிடுவான். கூப்பிட்டு முடியும் வரை ஒருத்தரும் நகரக் கூடாது. முடிந்ததும் நான்தான் வண்டியை எடுத்துக்கொண்டு ஊருக்குப் போய்ச் சொல்வேன். ஆட்களை ஏற்றிப் போகும் வேன் உடனே கிளம்பாது, போலீசும் தீயணைப்பும் வந்து போகிற வரைக்கும் நிற்க வேண்டும். வெடிச் சத்தம் ஆமத்தூர் வரை கேட்டிருக்கும், புகையும் தெரியும். ஆலையில் ஆள் இருக்கிற வீடு எல்லாம் தெருவில் நிற்கும்.

அதற்கு முன் இரண்டு தடவை அப்படிப் போயிருக்கிறேன். ஒரு தடவை இடி விழுந்து ஆளில்லாத ஷெட் எரிந்தது. இன்னொரு தடவை பட்டாசு காயப்போட்ட மேடையில் புகைந்தது. இரண்டு தடவையும் பெயர் எல்லாம் சரியாக இருந்தது. வண்டியை முறுக்கிக்கொண்டு வந்து தெரு நடுவில் நிறுத்தி, "எல்லாரும் இருக்காக, எல்லாரும் இருக்காக!" என்று கத்தினேன். ஆனால் நான் வாயைத் திறப்பதற்குள் பாதிப் பெண்கள் வீட்டுக்குள் போயிருந்தார்கள். இவ்வளவு தூரம் ஓடி வந்து சொல்கிறவனுக்கு ஒரு வாய்த் தண்ணீர் கொடுக்கக்கூட நாதியில்லை என்று அன்றைக்கு எனக்கு மனத்தாங்கல்தான்.

அந்த வியாழக்கிழமை நாற்பத்திரண்டு பெயர் கூப்பிட்டேன். முத்துக்கருப்பன் பெயரை மட்டும் மூன்று தடவை கூப்பிட்டேன்.

வரும் வழியெல்லாம் வண்டி எப்படி ஓடியது என்று எனக்குத் தெரியாது. தெருமுனைப் புளியமரம் வந்ததும் இன்ஜினை அணைத்துவிட்டேன். அவ்வளவு சத்தத்தோடு ஒரு சாவு வீட்டுக்குப் போக எனக்கு மனசு வரவில்லை. இறங்கி, வண்டியைத் தள்ளிக்கொண்டே வந்து வள்ளித்தாய் வீட்டு வாசலில் நின்றேன். அவள் என்னைப் பார்த்தாள், வண்டியைப் பார்த்தாள், அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டாள்.

அதற்குப் பிறகு நாலைந்து நாள் புளியமரத்தடியிலேயே அணைத்துவிட்டுத் தள்ளிக்கொண்டுதான் வந்தேன். துக்கம் நடந்த தெரு, அதுதான் மரியாதை என்று நினைத்தேன். முத்துப்பேச்சிதான், "உருட்டிக்கிட்டு வராதீக. ஓட்டிக்கிட்டே வாங்க. தெருவுல யாருக்கும் பிடிக்கல" என்றாள். ஏன் பிடிக்கவில்லை என்று நான் கேட்கவில்லை. கேட்டிருக்க வேண்டும்.

வள்ளித்தாய் வீட்டில் இருந்துகொண்டே பட்டாசுக்குக் காகிதக் குழாய் சுற்றி மகள் வேல்விழியைப் பத்தாவது வரை படிக்க வைத்தாள். இந்த வருஷம் ஆனியில் வேல்விழியும் எங்கள் ஆலைக்கே வந்துவிட்டாள். பத்தொன்பது வயசு, பேக்கிங் அறை. மருந்துப் பக்கம் போகாத வேலைதான். அவள் முதல் நாள் வந்து பதிவேட்டில் கையெழுத்துப் போட்டபோது நான் வேறு பக்கம் பார்த்துக்கொண்டேன். வள்ளித்தாய் என்னிடம், "பாத்துக்கிடுங்கண்ணே" என்று ஒரு வார்த்தைகூடச் சொல்லவில்லை. சொல்லியிருந்தால் ஆறுதலாக இருந்திருக்கும்.

அன்றிலிருந்துதான் அது தொடங்கியது. சாயங்காலம் அறைகளைப் பூட்டி, ஆட்களை எண்ணி வேனில் ஏற்றிவிட்டு நான் கிளம்புவேன். வேன் நின்று நின்று ஆளை இறக்கிவிட்டு வரும், நான் பத்து நிமிஷம் முன்னாலேயே வந்துவிடுவேன். நான் தெருவுக்குள் திரும்பும்போது வள்ளித்தாய் வாசலில் நிற்பாள். என்னைப் பார்த்த மாத்திரத்தில் வெடுக்கென்று திரும்பி உள்ளே போய்விடுவாள். ஒருநாள் இரண்டு நாள் என்றால் பரவாயில்லை. தீபாவளி வரைக்கும் தினமும் இதே கதை. என் முகத்தில் முழிக்கப் பிடிக்கவில்லை என்றால் நியாயம்தான் என்று நினைத்தேன். அவள் புருஷன் செத்த சேதியைக் கொண்டுவந்த வண்டி, தினமும் அவள் வாசலைக் கடந்து படபடவென்று போகிறது. யாருக்குத்தான் பொறுக்கும்? மூஞ்சியை மாற்ற முடியாது. வண்டியையாவது மாற்றலாம் என்று முடிவு செய்தேன்.

விருதுநகரில் மதுரை ரோட்டோரம் ஒரு மைதானத்தில் எக்ஸ்சேஞ்ச் மேளா நடந்துகொண்டிருந்தது. பந்தல் போட்டு, தோரணம் கட்டி, பாட்டுப் போட்டு ஒரே திருவிழா. ஒரு ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் போனேன். கழுத்தில் டை கட்டிய ஒரு பையன் வந்து என்னைப் பிடித்துக்கொண்டான். பேர் அன்பரசன். விசாரித்தால் ஆமத்தூரில் எனக்குத் தெரிந்தவர் மகன்தான். முதலில் என் வண்டியைச் சுற்றி வந்து பார்த்தான், டாக்டர் உதட்டைப் பிதுக்குகிற மாதிரி பிதுக்கினான். எனக்குச் சுருக்கென்றது. பிறகு ஒரு புது வண்டியின் பக்கத்தில் என்னைக் கொண்டுபோய் நிறுத்தி, அதன் டேங்க் மேல் என் கையை எடுத்து வைத்தான்.

"மாமா, வண்டி ஓடிக்கிட்டுருக்கு. தெரியுதா?"

எனக்குத் தெரியவே இல்லை. உள்ளங்கையில் லேசாக ஒரு துடிப்பு, அவ்வளவுதான்.

"ஃபோர் ஸ்ட்ரோக். வீட்டு வாசல்ல வந்து நின்னாக்கூட நீங்க வந்தது யாருக்கும் தெரியாது."

எனக்கு அதுதான் வேண்டியிருந்தது. வாய் நிறையச் சிரித்துவிட்டேன். பையன் அதையும் கவனித்துக்கொண்டான். "வீட்டுல அத்தைகிட்டக் காட்டிட்டு வாங்க மாமா. பழைய வண்டியும் ஆர்சி புக்கும் இங்கன இருக்கட்டும். பொழுது சாயக் கொண்டாந்துருங்க, நாளைக்கு நல்ல நாள் பாத்துப் புதுசு எடுத்துக்கிடலாம்" என்றான்.

அந்த வண்டியில் வந்தது உண்மையிலேயே சுகமாகத்தான் இருந்தது. பட்டனை அமுக்கினேன், கிளம்பியது. முழங்காலுக்கு வேலையே இல்லை. வழியில் ஒரு வெள்ளாட்டுக் கிடை ரோட்டை மறித்து நின்றது. பழைய வண்டி என்றால் கால் மைல் தூரத்திலேயே சிதறி ஓடும். இப்போது நான் பக்கத்தில் போய் ஹாரன் அடித்த பிறகுதான் திரும்பிப் பார்த்தன. எனக்கு நாற்பத்தெட்டு வயசு, ஆனால் மெயின் ரோட்டில் திரும்பும்போது காலரைத் தூக்கிவிட்டுக்கொண்டேன், பொய் சொல்லவில்லை.

மணி ஐந்தேகால் இருக்கும். எங்கள் வீட்டுக்கு எதிரே பஞ்சாயத்துக் குழாய். வள்ளித்தாய் எனக்கு முதுகைக் காட்டிக் குனிந்து குடத்தில் தண்ணீர் பிடித்துக்கொண்டிருந்தாள். தெருவில் வேறு யாரும் இல்லை. நான் வந்து நின்றது அவளுக்குத் தெரியவில்லை. வண்டியை அணைத்துவிட்டு இறங்கி, கைப்பிடியைப் பிடித்தபடி நின்றேன். அவளும் பார்க்கட்டும், அவளுக்காகத்தானே என்று எனக்குள் ஒரு நினைப்பு.

நிறைந்த குடத்தை இடுப்பில் வைத்துக்கொண்டு அவள் திரும்பினாள். நாலடி தூரத்தில் நான், கையில் வண்டி.

குடம் நழுவியது. தண்ணீர் என் கால் வரைக்கும் ஓடி வந்தது.

"யாருண்ணே?" என்றாள்.

எனக்கு ஒன்றும் புரியவில்லை. "என்ன தாயி?"

"யாருண்ணே? சொல்லுங்கண்ணே. யாரு?"

அவள் குரல் எனக்குத் தெரிந்த குரலாகவே இல்லை. ஆலை மூடிக் கிடக்கிறது, பதினைந்து நாளாக ஒருத்தரும் அந்தப் பக்கம் போகவில்லை என்பதெல்லாம் அந்த நிமிஷம் அவளுக்கு ஞாபகம் இல்லை. குடம் விழுந்த சத்தம் கேட்டு வேல்விழி பாதி பின்னிய சடையைக் கையில் பிடித்தபடி வீட்டிலிருந்து ஓடி வந்தாள். "என்னம்மா? என்னாச்சு?"

வள்ளித்தாய் மகளைப் பார்த்தாள். மறுபடி என்னைப் பார்த்தாள். குழாயடித் திண்டில் உட்கார்ந்து முந்தானையால் முகத்தை மூடிக்கொண்டாள்.

"லீவுல்ல... ஆமா, லீவுல்ல" என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டாள்.

முத்துப்பேச்சி அதற்குள் வெளியே வந்து, அவளைத் தோளோடு அணைத்துக்கொண்டு பக்கத்தில் உட்கார்ந்துவிட்டாள். நான் வண்டியை ஸ்டாண்டில் போட்டேன். வள்ளித்தாயே பேசினாள்.

"ஒண்ணுமில்லண்ணே. நீங்க சத்தமில்லாம வந்து நின்னீகளா, எனக்கு அன்னைக்கு மாதிரியே ஆயிருச்சு."

"உனக்காகத்தான் தாயி வண்டிய மாத்துறேன்" என்றேன். "என் வண்டியக் கண்டாலே நீ மூஞ்சியத் திருப்பிக்கிட்டு உள்ள போயிருதியே. உனக்கு அவன் நெனப்பு வருதுன்னு..."

அவள் முந்தானையை எடுத்துவிட்டு என்னைப் பார்த்தாள். அழுத கண்ணில் கோபமா சிரிப்பா என்று தெரியவில்லை.

"உள்ள போகாம பின்ன? நாலரையில இருந்து வாசல்லயே நிக்கேன். புளியமரத்துக்கிட்ட உங்க வண்டிச் சத்தம் கேக்குற வரைக்கும் எனக்கு ஒரு வேல ஓடாது. நீங்க எல்லாரையும் எண்ணி வேன்ல ஏத்திட்டுத்தான கெளம்புவீக? சத்தம் கேட்டுட்டா எம்புள்ள வந்துக்கிட்டு இருக்கா. அப்புறம் எனக்கு வாசல்ல என்ன சோலி? உள்ள போயி ஒல வைக்க வேண்டாமா? வேல செஞ்ச புள்ள பசியோட வரும்."

"அப்ப என் மேல கோவம் இல்லையா?"

"உங்க மேல எனக்கு என்னண்ணே கோவம்? அன்னைக்கு நீங்க உருட்டிக்கிட்டு வந்தீக. புளியமரத்தோட சத்தம் நின்னு போச்சு. அப்பவே இந்தத் தெருவுல எல்லாருக்கும் தெரிஞ்சு போச்சு. யாரு வீடுன்னு மட்டுந்தான் தெரியல. நீங்க நடந்து வர வர ஒவ்வொரு வீடா, நம்ம வீடு இல்ல, நம்ம வீடு இல்லன்னு..." அவள் முடிக்கவில்லை.

எனக்கு அழுகை வந்தது. மறைக்க நினைத்தேன், முடியவில்லை. நாலு வருஷமாக மரியாதை என்று நான் நினைத்தது, அன்றைக்கு இந்தத் தெருவையே ஒவ்வொரு வாசலாகக் கொன்றிருக்கிறது. முன்பு இரண்டு தடவை நான் கத்துவதற்குள் பெண்கள் வீட்டுக்குள் போனது ஏன் என்றும் அப்போதுதான் உறைத்தது. என் வாயை யார் எதிர்பார்த்தார்கள்? வண்டி சொல்லிவிட்டிருந்தது.

நான் முத்துப்பேச்சியைப் பார்த்தேன். "உனக்கு இது தெரியுமா?"

"தெரியாம? நானுந்தான கேக்கேன் தெனமும்."

"பின்ன ஏன்டி புது வண்டி வாங்குங்கன்னு உயிர எடுத்த?"

"வண்டின்னாச் சத்தம் வராதா? இப்பிடி ஊமை வண்டி வித்துக்கிட்டுத் திரிவாகன்னு நான் என்னத்தக் கண்டேன்?" என்றாள். அழுதுகொண்டிருந்த வள்ளித்தாய்க்குச் சிரிப்பு வந்துவிட்டது. வேல்விழி குடத்தை எடுத்து மறுபடி குழாயில் வைத்தாள். அடிப்பக்கம் நன்றாக நசுங்கியிருந்தது.

பொழுது சாய்வதற்குள் விருதுநகர் போய்ச் சேர்ந்தேன். அன்பரசன் பேனாவும் காகிதமுமாக ஓடி வந்தான்.

"அத்தைக்குப் பிடிச்சிருந்துச்சா மாமா?"

"வண்டி நல்ல வண்டிய்யா. ஒரு குத்தம் சொல்ல முடியாது. எனக்கு வேண்டாம்."

"ஏன் மாமா?"

"சத்தம் பத்தல" என்றேன்.

அவன் இதுவரை எத்தனையோ காரணம் கேட்டிருப்பான், இதைக் கேட்டிருக்க மாட்டான். பழைய வண்டி பதினெட்டாவது உதையில் கிளம்பியது. பந்தலில் இருந்தவர்கள் எல்லாரும் காதைப் பொத்திக்கொண்டு திரும்பிப் பார்த்தார்கள்.

மறுநாள் காலை கண்ணுச்சாமி கடையில் வண்டியை விட்டேன். அவனுக்குத் தலைகால் புரியவில்லை. போர் போட சிலிண்டரை மதுரைக்குக் கொடுத்தனுப்பினான், கிராங்க் பேரிங்கை மாற்றினான். ஒரு வாரம் கழித்துப் போனபோது இன்ஜினை மாட்டிவிட்டு, அட்டைப் பெட்டியிலிருந்து பளபளவென்று ஒரு புது சைலன்சரை எடுத்துக்கொண்டிருந்தான்.

"இதையும் போட்டுட்டா சத்தம் பாதியா அடங்கிரும்ணே."

"அத உள்ள வையி. பழசையே மாட்டு."

"ஏண்ணே, எல்லாரும் சத்தத்தக் குறைன்னுதான் வருவாக. நீங்க என்ன..."

"சத்தத்துல மட்டும் கைய வைக்காத. வச்ச, உன் பில்லுல நானும் கைய வைப்பேன்."

அவன் தலையைச் சொறிந்துகொண்டே பழசை மாட்டினான். சாவியைக் கொடுக்கும்போது, "புது பிஸ்டன். ஆயிரம் கிலோமீட்டர் வரைக்கும் நாப்பதத் தாண்டாதீக" என்றான். ஒரே உதை. கிளம்பியது. அதே சட்டி, அதே சோளம். எனக்கு உடம்பு சிலிர்த்தது.

வெள்ளிக்கிழமை ஆலையில் பூஜை. அன்றைக்குப் பொரியும் சர்க்கரையும் கொடுத்து அனுப்பிவிட்டார்கள். சனிக்கிழமைதான் முதல் வேலை நாள். நாற்பத்தாறு பேர். சாயங்காலம் அறைகளைப் பூட்டிவிட்டு, வேன் கதவுப் பக்கம் நின்று ஒவ்வொருவராக எண்ணி ஏற்றினேன். வேல்விழி ஏறும்போது, "மாமா, எண்ணீட்டீகளா?" என்று கேட்டுவிட்டுச் சிரித்தாள். வேன் டிரைவரிடம், "நான் ஒரு ஆயிரம் கிலோமீட்டருக்கு மெதுவாத்தான் போவேன். நீ என்னைய முந்தக் கூடாது" என்றேன். "போர்மேன் அண்ணனுக்கு ரேஸ் கேக்குது" என்று அவன் சிரித்தான். என் வண்டிச் சத்தத்துக்குக் காத்து நிற்கிற வாசலைப் பற்றிச் சொன்னதும் சிரிப்பை நிறுத்திவிட்டான். ஆனைக்குட்டம் விலக்கு வரைக்கும் எனக்குப் பின்னாலேயே, புகையைக் குடித்துக்கொண்டு வந்தான் பாவம்.

புளியமரம் வந்ததும் கை தானாக ஆக்சிலேட்டரை ஒரு முறுக்கு முறுக்கியது. தெருவுக்குள் திரும்பினேன். வள்ளித்தாய் வாசலில் நின்றாள். என்னைப் பார்த்தாள். எப்போதும் போல வெடுக்கென்று திரும்பி உள்ளே போனாள்.

பத்து நிமிஷம் கழித்து வேன் வந்தது. வேல்விழி இறங்கி வீட்டுக்குள் போகும்போது அடுப்பில் உலை கொதித்துக்கொண்டிருந்தது.